ஏரிக்கரைக்குக் கீழே ஹாலந்து

அந்தப் புதன்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பள்ளித் துணை ஆய்வாளர். அவரோடு சைக்கிளில் வந்த எழுத்தர். தலைமையாசிரியர். நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர். அதே அறையில் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். ஊராட்சித் தலைவர். அவரோடு வந்த, ஏரிக்குக் கீழே கீழ்மடையில் பயிர் வைக்கும் விவசாயிகள் இரண்டு பேர். வாசலுக்கு வெளியே, படியில் கால் வைக்காமல், ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் நீர்கண்டி திம்மன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பின் பதின்மூன்றாவது ஆள், அவருடைய மகள் பச்சையம்மா.

இவ்வளவுதான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்கள் யாரும் இல்லை. நான் இருந்தேன்.

இதை எழுதச் சொன்னவர் இப்போது வேலையில் இருக்கும் ஓர் இளம் ஆசிரியை. அவர் கைப்பேசியிலேயே பிள்ளைகளுக்கு ஜப்பானைக் காட்டுகிறார். "உங்க காலத்துல ஒண்ணுமே இல்லாம வெளிநாட்டப் பத்தி எப்படி சார் சொல்லிக் குடுத்தீங்க? எங்க பயிற்சி வகுப்புக்கு வந்து பேசுங்க" என்றார். மேடையில் என்னால் பேச முடியாது; நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். ஊரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இண்டூரிலிருந்து நடந்து போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அப்பா இறந்த வருடம் அதோடு நிறுத்திவிட்டார்கள். எட்டாவது பொதுத்தேர்வு தேறியவனுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து ஆசிரியராக அனுப்பிய காலம் அது. பயிற்சியில் கேட்டதில் பாதி அப்போதே மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நின்றது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. எனக்கோ தெரியாததுதான் அதிகம். பிள்ளைகள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வந்து உட்கார்ந்தது. ஓய்வு பெறும் நாள்வரை எழுந்து போகவில்லை. பள்ளியைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் எத்தனையோ. வருகைப் பதிவேட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பேன். "உங்களுக்குப் பதிலா உங்க பயத்துக்குச் சம்பளம் குடுக்கலாம்யா" என்பார் தலைமையாசிரியர்.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்பு அவருக்கு, நாலும் ஐந்தும் எனக்கு. ஐந்தாம் வகுப்புப் புவியியலில் வெளிநாட்டு மக்கள் என்று ஒரு பகுதி. அரேபியா, எஸ்கிமோக்கள், ஹாலந்து இப்படி. உலக உருண்டை கிடையாது. ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஆப்பிரிக்காவைக் கரையான் தின்றிருந்தது.

நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம் 'நம் ஊர்', வலப்பக்கம் 'அந்த நாடு'. குறுக்கே ஐந்து வரிசை: மழை, வீடு, சாப்பாடு, வேலை, பயம். முதல் நாலும் பயிற்சியில் சொன்னவை. ஐந்தாவது நான் சேர்த்தது. அந்த ஊர்க்காரன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தால் அவனை முழுக்கத் தெரிந்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது. இடப்பக்கத்தைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதைத்தான் எழுதுவேன். வலப்பக்கம் புத்தகத்தைப் பார்த்து நான் சொல்வேன். முடிந்ததும் அப்படியே பாடக்குறிப்பு நோட்டில் ஏற்றிவிடுவேன்.

முதல் தடவை 'பயம்' வரிசைக்கு வந்தபோது ஒரு பையன், "பாம்பு சார்" என்றான். இன்னொருவன், "போலீசு." கடைசி வரிசையிலிருந்து யாரோ, "எச்.எம். சாரு." சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்தேன். பிறகு நாகராஜன், ஊராட்சித் தலைவரின் மகன், எழுந்து, "மழ பெய்யலன்னா எங்கப்பா யாருகிட்டயும் பேசமாட்டாருங்க சார்" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். 'நம் ஊர் — பயம்: மழை பெய்யாதது' என்று எழுதினேன். அரேபியாவுக்கு அது அழகாகப் பொருந்தியது.

எஸ்கிமோ பாடத்துக்குத் தருமபுரி போய், சோடாக் கடை வைத்திருந்த பாயிடம் ஒரு ஐஸ் கட்டி வாங்கினேன். மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டிக் கொடுத்தவர், "வாத்தியாரே, பஸ்ஸுலயே பாடத்த நடத்திடுங்க" என்றார். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. ஈரச் சாக்கை மேசைமேல் வைத்துப் பிரித்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தது. பிள்ளைகள் அதை மாற்றி மாற்றித் தொட்டார்கள். "சார், எஸ்கிமோ வூடு ஒழுகுது" என்றாள் பச்சையம்மா. அவ்வளவு ஒழுங்காக அந்த வருடம் வேறு எந்தப் பாடமும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆடி மாதம் துணை ஆய்வாளர் ஒரு தடவை வந்து இந்த முறையைப் பார்த்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தமாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டுப் பிள்ளைகளின் கடைசி வரிசையில் தரையில் உட்காருவார். ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்பார். பதில் வந்ததும் சரி, தப்பு என்று சொல்லமாட்டார். "ம், அப்புறம்?" என்பார். அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் சொல்லும். மறுபடி, "அப்புறம்?" பிள்ளைக்கு எது வரை தெரியும், ஆசிரியருக்கு எது வரை தெரியும் என்பது நாலாவது 'அப்புறம்'-இல் வெளியே வந்துவிடும். குறிப்பு எழுதுமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவுவார். இரண்டு சீவு என்றால் நல்ல குறிப்பு. நிறையச் சீவினால் ஏதோ இருக்கிறது. ஒன்றியத்து ஆசிரியர்கள் எல்லோரும் அந்தச் சீவலை எண்ணுவோம். ஆடியில் எனக்கு இரண்டு சீவு. 'உள்ளூர் அனுபவத்தோடு ஒப்பிட்டுக் கற்பிக்கும் முறை பாராட்டத்தக்கது.' அந்த வரியை வீட்டில் போய்த் துண்டுத்தாளில் எழுதிவைத்தேன். அந்த வரி கொடுத்த தைரியம்தான் எல்லாவற்றையும் செய்தது.

ஹாலந்துக்குப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். காற்றாலைப் படம் ஒன்று. 'கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள நிலம்' என்ற வரியை நாலு தடவை படித்தேன். விளங்கவில்லை. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பிள்ளைகளில் யாரும் பார்த்ததில்லை. கடல் மேலே, வீடு கீழே என்றால் எப்படி என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வது?

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியிருந்தது. இரண்டு வருடம் காய்ந்து கிடந்த சின்ன ஏரி. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கோடியைத் தட்டும் அளவுக்கு வந்ததும் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அந்தக் கரைமேல் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பக்கம் கரையின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர். மறுபக்கம் கீழே வயல், வயலை ஒட்டிப் பச்சையம்மாவின் தெரு, அதற்கப்பால் ஊர். இதுதானே ஹாலந்து என்று தோன்றியது. சந்தோஷத்தில் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்பை வரிசையாகக் கரைக்கு அழைத்துப் போனேன். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று பதின்மூன்று தலையையும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"இந்தப் பக்கம் பாருங்க. அந்தப் பக்கம் பாருங்க. எது உசரம்? தண்ணியா, வூடா?"

இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கும் ஏரியை அவர்கள் அன்றுதான் அளந்தார்கள்.

"தண்ணிங்க சார்" என்றான் நாகராஜன். குரல் மெதுவாக வந்தது.

"ஹாலந்து பூரா இப்படித்தான். ஏரிக்குப் பதிலா கடல்."

பள்ளிக்குத் திரும்பி மணல் தட்டை எடுத்தோம். களிமண்ணில் கரை. கரைக்கு இந்தப் பக்கம் ஊர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தீப்பெட்டியைத் தன் வீடு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பச்சையம்மா தன் பெட்டியை மதகுக்கு நேர் கீழே வைத்தாள். அங்கேதான் அவர்கள் வீடு. அவளுடைய அப்பா திம்மன்தான் மதகைத் திறந்து மூட ஊர் வைத்திருந்த ஆள். எங்கள் பக்கத்தில் நீர்கண்டி என்பார்கள். மேற்புறம் சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். கரை நின்றது. பிறகு ஒரு விரல் அகலத்துக்குக் கரையை எடுத்துவிட்டேன்.

தீப்பெட்டிகள் போயின. நாலாம் வகுப்பும் திரும்பி உட்கார்ந்து பார்த்தது.

"எங்க வூடு மொதல்ல போச்சுங்க சார்" என்றாள் பச்சையம்மா.

"அதுக்குத்தான் ஹாலந்துக்காரங்க காத்தாலைய வெச்சு, உள்ள வர்ற தண்ணிய எறைச்சு எறைச்சு வெளிய தள்ளிக்கிட்டே இருக்காங்க. ஒரு நாளும் சும்மா இருக்கமாட்டாங்க."

பலகையில் வலப்பக்கம் 'பயம்: கரை உடைவது' என்று எழுதினேன். இடப்பக்கத்தில் 'மழை பெய்யாதது' என்று பழையது இருந்தது. அன்றைக்கு அது ஒட்டாமல் நின்றது. அதைத் துடைத்துவிட்டு அங்கேயும் 'கரை உடைவது' என்று எழுதினேன். பிள்ளைகள் சொல்லாமல் நானே இடப்பக்கத்தில் எழுதியது அது ஒரு தடவைதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்ததும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டுப் பாடமும் கொடுத்தேன்: நம் ஊரில் நாம் என்ன செய்யலாம், யோசித்துக்கொண்டு வாருங்கள்.

சனிக்கிழமை முழுக்க மழை. நானே குடையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை கரைக்குப் போய்ப் பார்த்தேன். யாருக்கும் நினைவு தெரிந்து உடையாத கரை. இருந்தும் போனேன். என் பாடத்தை முதலில் நம்பியவன் நான்தான். கரைமேல் திம்மன் கோணிப்பையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் மழையில வர்றீங்க? ஒண்ணும் ஆவாதுங்க. கோடி வழியா போவுது பாருங்க, எச்சு தண்ணி."

"நிக்குமா திம்மா கரை?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து நிக்குதுங்களே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காலையிலேர்ந்து எம்பொண்ணும் இதையேதான் கேக்குது" என்று சிரித்தார்.

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் பெரியவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள்; இருட்டியபின்தான் திரும்பினார்கள். திங்கட்கிழமை விடியும்போது மதகு முழுக்கத் திறந்து கிடந்தது. பழைய தூம்பை எடுத்துவிட்டு இரும்புத் திருகு மதகு போட்டிருந்த காலம். அதன் சாவி, ஒரு முழ நீள இரும்பு, எப்போதும் திம்மன் வீட்டில் இருக்கும். அது மதகின் காலடியில் தண்ணீருக்குள் கிடந்தது. திம்மன் மூழ்கி எடுத்து மூடினார். திருகின் மரை தேய்ந்துவிட்டதால் முழுக்க மூடவில்லை, ஒழுகிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஏரியில் ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர் போய்விட்டது. அந்த ஒரு முழம்தான் கீழ்மடை நெல்லுக்குக் கடைசி இரண்டு பாய்ச்சலுக்கான தண்ணீர்.

எனக்கு இதெல்லாம் பள்ளிக்கு வரும் வழியில் காதில் விழுந்தது. திம்மன் மறந்திருப்பார் என்று நினைத்தேன். பாவம் என்றும் நினைத்தேன். பத்து மணிக்கு வகுப்பில் நாகராஜன் எழுந்து நின்றான்.

"சார், ஹாலந்துல கூட இவ்ளோ வெரசா எறைக்க முடியாதில்லீங்க?"

"எதை?"

"தண்ணியத்தான். நாங்க அஞ்சு பேரு சார். பச்சையம்மாதான் சாவி கொண்டாந்தா. இப்ப அவ வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?"

ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சபாஷ் வாங்கப்போகிற பிள்ளைகள் பார்ப்பதுபோல். உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். கணக்கு நடத்தினேன்.

இடைவேளையில் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. தலைவர் பையன் அதுல இருக்கான்யா. அவர் பையன் பேர நாம சொன்னா நாளைக்கு இந்தக் கட்டடத்துல மாடு கட்டுவாங்க. உங்களுக்கு இன்க்ரிமென்ட் எப்ப?"

"தை மாசம்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க."

இருந்தேன். அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் ஊர் கூடியபோது நானும் ஓரமாக நின்றேன். தலைவர் கேட்டார்: "என்னடா திம்மா, சாவி எப்படித் தண்ணிக்குள்ள போச்சு?"

திம்மனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மகள் வீட்டில் சொல்லியிருப்பாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சாமி, மூட மறந்துட்டன். கைதவறி வுழுந்துருச்சு" என்றார்.

"குடிச்சிருந்தியா?"

"ஆமாங்க சாமி."

அவர் குடிக்கமாட்டார். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். நூற்றிருபது ரூபாய் தெண்டம் போட்டார்கள். மதகின் மரையைச் சரிசெய்யத் தருமபுரியிலிருந்து ஆள் கூட்டிவர நாற்பது ரூபாய் உடனே வேண்டும், மீதி அறுப்புக்கு. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தை மாசம் என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்குமுன் கூட்டம் கலைந்துவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கலையவில்லை. நான் நின்றேன், அவர்களும் ரொம்ப நேரம் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை திம்மன் சினையாக இருந்த வெள்ளாட்டை விற்று நாற்பது ரூபாயைக் கட்டினார். பச்சையம்மா பள்ளிக்கு வரவில்லை.

புதன் காலை, சொல்லாமல் கொள்ளாமல் துணை ஆய்வாளர் வந்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் தரையில் உட்காரப் போன நேரத்தில் தலைவரும் விவசாயிகளும் திம்மனை அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா சாவியைத் தூக்கிக்கொண்டு போனதை ஆடு மேய்த்த ஒருவர் பார்த்திருக்கிறார். சேதி அன்று காலைதான் தலைவர் காதுக்குப் போனது.

"ஐயா இருக்கறது தெரியாதுங்க, மன்னிக்கணும்" என்றார் தலைவர். "ஒரு சின்ன காரியம். இந்தப் பொண்ணு பேர ரிஜிஸ்டர்ல அடிச்சுடணும்."

"எதுக்குங்க?"

"மதகத் தொறந்து ஊரு தண்ணிய வுட்டுருச்சுங்க. அப்பன் குடிச்சேன், மறந்தேன்னு பொய் சொல்றான். அவனையும் நிறுத்திட்டு வேற ஆளு போடப் போறோம். பள்ளிக்கூடத்துக்கு வர்ற புத்தி இதுதான்னா எதுக்குப் பள்ளிக்கூடம்?"

"பாடம் முடியட்டும். உக்காருங்க" என்றார் துணை ஆய்வாளர். தலைவரும் விவசாயிகளும் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையனைக் கேட்டார்: "கடைசியா எந்த நாடு படிச்சீங்க?"

"ஹாலந்துங்க."

"ம்."

"அங்க தண்ணி மேல இருக்கும், வூடு கீழ இருக்கும். நம்ம ஊரும் அப்பிடித்தாங்க."

"அப்புறம்?"

"கரை ஒடஞ்சா மொதல்ல பச்சையம்மா வூடு போயிடும்."

"அப்புறம்?"

"சாரு வீட்டுப் பாடம் குடுத்தாரு. நம்ம ஊருல நாம என்ன செய்யலாம்னு யோசிச்சுட்டு வரணும்."

"யோசிச்சீங்களா?"

"செஞ்சுட்டோங்க சார்."

தலைமையாசிரியர் இருமினார். நாகராஜன் எழுந்துவிட்டான். அப்பா எதற்கு வந்திருக்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. பாராட்ட வந்திருக்கிறார் என்றே நினைத்திருப்பான். "சாவிய அவ கொண்டாந்தாங்க. ஆனா அவளால திருக முடியல. திருகுனது நானு" என்றான்.

தலைவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். துணை ஆய்வாளர் கையை நீட்டினார். என் பாடக்குறிப்பு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டினார், முன்னால் போனார், பின்னால் வந்தார். பிளேடை எடுத்தார். பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். நான் எண்ணினேன். ஆறுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"ஆனி மாசம் அரேபியா. நம் ஊர், பயம், மழை பெய்யாதது" என்று படித்தார். "இந்த மாசம் ஹாலந்து. நம் ஊர், பயம், கரை உடைவது." சீவுவதை நிறுத்தாமல் கேட்டார்: "நாலே மாசத்துல உங்க ஊரு பயம் மாறிடுச்சா?"

என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. விளங்காத மாதிரி நானும் நின்றிருக்கலாம். வாசலில் திம்மன் மகளின் கையை விடாமல் நின்றார்.

"மாறலீங்க சார்" என்றேன். "நான்தான் அழிச்சு எழுதினேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும்னு எழுதினேன். மணல் தட்டுல இவங்க வூட்ட நான்தான் அடிச்சுட்டுப் போக வெச்சேன். தண்ணிய வெளிய தள்ளணும்னு சொன்னதும் நான்தான். பொண்ணு மேலயும் தப்பில்ல, திம்மன் மேலயும் தப்பில்ல. திங்கக்கிழமை காலையிலயே எனக்குத் தெரியும். சொல்லல."

விவசாயிகளில் ஒருவர், "அப்ப எங்க தண்ணிக்கு யாரு பதில் சொல்றது வாத்தியாரே? ஹாலந்துக்காரனா?" என்றார்.

"பாடத்த முடிங்க" என்றார் துணை ஆய்வாளர் என்னிடம்.

பலகையைத் துடைத்தேன். கோடு வளைந்து வந்தது. இடப்பக்கம், வலப்பக்கம். "ஹாலந்துக்காரன் தண்ணிய என்ன பண்றான்?" என்று கேட்டேன். "வெளிய தள்றான்" என்றார்கள். "அவனுக்கு மழைக்குக் குறைவு இல்ல. கடல் என்னிக்கும் வத்தாது. நம்ம ஏரி?" "வத்திடுங்க" என்றார்கள். போன வருடம் வரை அந்தக் காய்ந்த ஏரியில் மாடு மேய்த்த பிள்ளைகள்தான். "நாம தண்ணிய என்ன பண்ணணும்?"

வாசலுக்கு வெளியிலிருந்து பச்சையம்மா சொன்னாள்: "போவாம பாத்துக்கணுங்க."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

தலைவர் எழுந்து மகனைப் பார்க்காமல் வாசலுக்குப் போனார். "திம்மா, சாவி உங்கிட்டயே இருக்கட்டும். மீதி எம்பது ரூவா வேணாம்" என்றார். கட்டிய நாற்பதைப் பற்றி அவர் பேசவில்லை. அதற்குள் மரை செய்யும் ஆளுக்கு அது போய்விட்டிருந்தது. பச்சையம்மாவின் பெயரை அடிக்கச் சொல்லி யாரும் மறுபடி கேட்கவில்லை.

துணை ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஒற்றுமை கற்பிக்கப்பட்டது. வேற்றுமை கற்பிக்கப்படவில்லை. ஆசிரியர் எச்சரிக்கப்பட்டார்.' என் இன்க்ரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, "இந்த முறைய விட்டுடாதீங்க" என்றார். "நம்ம ஊருப் பக்கத்தப் பிள்ளைங்கதான் சொல்லணும். அதுல மட்டும் நீங்க கை வைக்காதீங்க." நாற்பது வருட ஊழியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அறிவுரை அதுதான். அதற்குப் பிறகு பலகையில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன்: 'எது வேறு'. அதை நிரப்பாமல் எந்தப் பாடத்தையும் முடித்ததில்லை. இளம் ஆசிரியை கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.

அன்று மத்தியானமே திம்மனைப் பார்க்கப் போனேன். "அந்த நாப்பது என் கணக்கு திம்மா. மாசம் அஞ்சு ரூவாயா குடுத்துடறேன்" என்றேன்.

"இருக்கட்டுங்க சார். ஆடு போனது போவட்டும். புள்ள பேரு ரிஜிஸ்டர்ல இருக்குதே" என்றார்.

கார்த்திகையில் ஐந்து கொடுத்தேன். மார்கழியில் ஐந்து. தை மாதம் வர வேண்டிய இன்க்ரிமென்ட் வரவில்லை, சின்னவனுக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விட்டேன். அந்தத் தையில்தான் கீழ்மடை அறுப்பு. நெல்லில் பாதி பதர். களத்தில் நீர்கண்டிக்குக் கூலியாக அளக்க வேண்டிய நெல்லைக் கீழ்மடைக்காரர்கள் அளக்கவில்லை. தலைவர் சொன்னது திம்மனின் வேலை நீடிக்க மட்டும்தான். நெல் அளக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார்கள். மாசியில் ஒரு நாள் பச்சையம்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் தெருவுக்குப் போனேன். வீட்டுக் கதவில் கயிறு கட்டியிருந்தது. பெங்களூர்ப் பக்கம் ரோட்டு வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

வருடக் கடைசிவரை பதிவேட்டில் அவள் பெயரை நான் அடிக்கவில்லை. தினமும் வரவில்லை என்று குறித்தேன். ஐந்தாவது தேறிப் போன பன்னிரண்டு பேரில் நாலு பேர் கல்லூரி வரை போனார்கள். அவர்களில் யாரைப் பார்த்தாலும் திம்மனைப் பற்றிக் கேட்பேன். இரண்டு தடவை பெங்களூர் போனபோது ரோடு போடுகிறவர்களைப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நாற்பதில் பத்து கொடுத்தது போக, திம்மனுக்கு நான் இன்னும் தர வேண்டியது முப்பது ரூபாய்.